ஈசான் சமையலறையில் ஒட்டரிசி

தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் பக்கம் குடியேறுபவருக்கு முதலில் கைவர வேண்டியது காவ் நியாவ், அதாவது ஒட்டரிசிச் சோறு. மல்லிகை அரிசியை வாங்கிவந்துவிடாதீர்கள். எவ்வளவு வெந்தாலும் இப்படி ஒட்டாது. ஒட்டரிசி மணி கண்ணாடிபோல் தெரியாது, பால்வெள்ளையாக இருக்கும்.

நாலைந்து தடவை கழுவி, குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க ஊறவையுங்கள். இதில் அவசரமே கூடாது. அரிசி ஆவியில் மட்டும் வேகிறது. தேவையான தண்ணீரை ஊறும்போதே குடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணியின் நடுவில் சுண்ணாம்புபோல் ஒரு புள்ளி வேகாமல் நிற்கும். ஊறிய மணியை நகத்தால் நசுக்கிப் பாருங்கள், பொடிந்தால் சரி.

கூம்பு வடிவ மூங்கில் கூடையை நனைத்து (காய்ந்த கூடையில் பிடித்துக்கொள்ளும்), வடித்த அரிசியைப் போட்டு, கழுத்து ஒடுங்கிய அலுமினியப் பானைமேல் பொருத்துங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடையைத் தொடக்கூடாது. தொட்டால் அடியரிசி கூழ். 15 நிமிடம் கழித்துக் கூடையைக் குலுக்கி, கட்டியை அப்படியே புரட்டிப் போட்டு, இன்னும் 10 நிமிடம்.

வெந்ததும் மூடாதீர்கள். தட்டில் கொட்டி, மரத்துடுப்பால் கிளறி ஆவியை விரட்டிய பிறகுதான் கிரதிப் என்கிற மூடிபோட்ட மூங்கில் கூடைக்கு மாற்ற வேண்டும்.