வீடு கிழக்கில், வேலை மேற்கில்: ரொறன்ரோவில் முதல் வீடு தேடுபவர்களுக்கு

வந்து இறங்கிய கிழமையே ஒரு சித்தப்பாவோ மச்சானோ சொல்லிவிடுவார்: "ஸ்காபரோவிலை ஒரு பேஸ்மென்ட் இருக்கு. நல்ல ஆக்கள். கோயிலும் கிட்ட, தமிழ்க்கடையும் கிட்ட." நானும் அப்படித்தான் குடிபுகுந்தேன், மார்க்கம் வீதி 401 நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே. ஆறாவது கிழமை வேலை கிடைத்தது. மிசிசாகாவில், ஹுரொன்ராரியோ வீதிக்குப் பக்கத்தில், காலை 7 மணிக்குத் தொடங்கும் வேலை. வரைபடத்தில் பார்த்தபோது ஒரே நேர்கோடு, ஒரே நெடுஞ்சாலை. நல்ல வசதி என்று நினைத்தேன்.

401இல் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வெளியேறும் வழிகளுக்குப் போட்டிருக்கும் இலக்கங்கள் வரிசை எண்கள் அல்ல, கிலோமீற்றர்கள். மார்க்கம் வீதிக்கு 383, ஹுரொன்ராரியோவுக்கு 342. கழித்தால் 41 கிலோமீற்றர். ஏஜக்ஸில் வெஸ்ற்னி வீதிக்கு இறங்கும் வழியின் இலக்கம், வேடிக்கையாக, 401தான். அங்கிருந்து என்றால் 59. ஞாயிறு காலை 41 கிலோமீற்றரை அரை மணியில் ஓடிவிடலாம். செவ்வாய் காலை அதே தூரம் எனக்கு ஒரு மணியும் எடுத்தது, ஒன்றே முக்கால் மணியும் எடுத்தது. தூரத்தைவிட இந்த நிச்சயமின்மைதான் ஆளைத் தின்றது. ஒரு மணிதான் எடுக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் அதற்கேற்ப எழும்பலாம். தெரியாதபடியால் ஒவ்வொரு நாளும் ஒன்றே முக்கால் மணிக்கு ஆயத்தமாக எழும்பவேண்டியிருந்தது.

நம்மவர்கள் கூடுதலாக இருப்பது ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங், ஏஜக்ஸ் என்று கிழக்குப் பக்கம். புதிதாக வருபவர்களுக்கு முதலில் கிடைக்கும் பண்டகசாலை, தொழிற்சாலை, பொதியிடல் வேலைகளில் பெரும்பங்கு விமானநிலையத்தைச் சுற்றி, மிசிசாகாவிலும் பிரம்ரனிலும். நடுவில் 401. வட அமெரிக்காவிலேயே மிக நெரிசலான நெடுஞ்சாலைகளில் ஒன்று. சில இடங்களில் 18 தடங்கள் வரை அகலம், அப்படியிருந்தும் காலையில் நின்று நின்றுதான் போகும். "எல்லாரும் நகரத்துக்குள்ளே போகும்போது நாங்கள் எதிர்ப்பக்கம் போவோம், வீதி வெறுமையாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 401 நகரத்துக்குள் போகும் வீதி அல்ல, நகரத்தைக் குறுக்கே வெட்டும் வீதி. அதற்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று இல்லை; காலையிலும் பின்னேரத்திலும் இரண்டு பக்கமும் நிறையும்.

கிழக்கில் இருப்பதில் ஒரு சின்ன நன்மை உண்டு, ஒருவரும் சொல்வதில்லை. காலையில் மேற்கே ஓடும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால். பின்னேரம் கிழக்கே திரும்பும்போதும் முதுகுக்குப் பின்னால். பிரம்ரனில் இருந்துகொண்டு மார்க்கத்தில் வேலை செய்பவருக்கு இரண்டு வேளையும் கண்ணுக்கு நேரே. பங்குனியிலும் புரட்டாதியிலும் சூரியன் சரியாக வீதி மட்டத்தில் நிற்கும்போது இந்த வித்தியாசம் நன்றாக விளங்கும்.

அப்படியென்றால் வேலைக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் சரிதானே? முதல் வேலைக்காக அப்படிச் செய்யவேண்டாம் என்பதுதான் என் கருத்து. புதிதாக வந்தவரின் முதல் வேலை பெரும்பாலும் ஒரு வருடம் தாங்காது. முகவர் நிறுவனம் மூலம் போகிறவர்களுக்கு இந்தக் கிழமை ஓர் இடம், அடுத்த கிழமை இன்னோர் இடம். வாடகை ஒப்பந்தம் என்னவோ ஒரு வருடத்துக்கு. வேலை மாறியபின் அந்தப் பக்கத்தில் சொந்தமும் இல்லை, பழகிய கடையும் இல்லை, வாடகை மட்டும் இருக்கும். முதல் வீட்டுக்கு நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: அங்கிருந்து எத்தனை பக்கம் போகலாம்? இரண்டு நெடுஞ்சாலை, ஒரு ரயில், அடிக்கடி வரும் ஒரு பேருந்து. இவற்றில் மூன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வேலை எங்கே மாறினாலும் வீடு மாறத் தேவையில்லை.

கெனடி சுரங்க ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள இடம் இதற்கு நல்ல உதாரணம். பழைய கட்டிடங்கள், பார்க்க அழகில்லை, மார்க்கத்துப் புது வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் அங்கே இரண்டாம் இலக்கச் சுரங்க ரயில் தொடங்குகிறது, புறநகர்களை நகர மையத்தோடு இணைக்கும் 'கோ' (GO) ரயிலில் ஸ்ரூவ்வில் பாதை ரயில் நிற்கிறது, நாலு திசைக்கும் பேருந்து இருக்கிறது. அஜின்கோட் பக்கமும் அப்படியே: கோ நிலையம் இருக்கிறது, 401 கிட்ட, வடக்கே போகும் 404 நெடுஞ்சாலையும் அதிக தூரமில்லை. கார் வாங்க இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்.

காருக்கு ஒரு வருடமா என்று கேட்காதீர்கள். எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிக் கையில் வரும் ஜி1 உரிமத்தோடு தனியே ஓடமுடியாது. 4 வருட அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். 401, 404 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளிலும், டொன் வலி பார்க்வே, கார்டினர் போன்ற விரைவு வீதிகளிலும் சாரதிப் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் ஏறவே கூடாது. நள்ளிரவிலிருந்து காலை 5 மணிவரை ஓடக்கூடாது. ஏஜக்ஸில் அறை எடுத்துவிட்டு ஜி1ஓடு இருந்தால் 401ஐ எட்டி எட்டிப் பார்க்கத்தான் முடியும்.

வேலை நகரத்தின் மையத்தில் என்றால் கதை தலைகீழ். அப்போது ஏஜக்ஸும் பிக்கரிங்கும்கூட நல்ல இடங்கள், கோ நிலையத்துக்கு எளிதாகப் போகமுடிந்தால். பிக்கரிங்கில் கோ நிலையத்திலிருந்து கடைத்தொகுதிப் பக்கம் போக 401க்கு மேலால் ஒரு நடைபாலம் இருக்கிறது. வீடு பார்க்கப் போகிற நாளில் ஒரு வார நாள் காலை அதில் ஏறிக் கீழே பாருங்கள். கீழே அசையாத கார்கள், பக்கத்தில் ரயில் போகும். நான் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

ஆனால் கோ பாதைகள் எல்லாம் ஒன்றல்ல. லேக்ஷோர் கிழக்குப் பாதையில் நாள் முழுக்க ரயில் உண்டு. மிசிசாகாவின் நடுவால் போகும் மில்ரன் பாதையில் வார நாட்களில் காலையில் நகரத்துக்கும் பின்னேரம் திரும்பியும் மட்டும்தான் ரயில். மற்ற நேரம் பேருந்து. பின்னேர ஷிப்ட் வேலைக்காரருக்கு "நிலையம் ஐந்து நிமிட நடை" என்ற விளம்பரத்தால் அங்கே ஒரு பிரயோசனமும் இல்லை. நிலையம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், உங்கள் நேரத்துக்கு அங்கே ரயில் நிற்கிறதா என்று பாருங்கள். சுரங்க ரயிலும் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணியளவில்தான் தொடங்கும். ஞாயிறு 7 மணி வேலைக்கு இரவுப் பேருந்துதான் துணை.

முன்பெல்லாம் ரொறன்ரோவின் வடக்கு எல்லையான ஸ்ரீல்ஸ் வீதியைப் பேருந்தில் தாண்டினால் இரண்டாவது கட்டணம். அதற்காகவே மார்க்கம் பக்கம் வீடெடுக்காமல் ஸ்ரீல்ஸுக்குத் தெற்கே ஒதுங்கியவர்கள் உண்டு. 2024 பெப்ரவரி 26 முதல் ரொறன்ரோ நகரப் பேருந்தும் சுரங்க ரயிலும் ஓட்டும் ரீரீசியிலிருந்து (TTC) யோர்க், டூரம், பிரம்ரன், மிசிசாகா பேருந்துகளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் மாறினால் மேலதிகக் கட்டணம் இல்லை. கோ ரயிலோடு சேர்ந்து போனாலும் ரீரீசிக் கட்டணம் கழிக்கப்படும். பழைய ஆக்கள் இன்னும் பழைய கணக்கைத்தான் சொல்வார்கள்.

இனிமேல் வரப்போகும் ரயிலை நம்பி வீடு எடுக்கவேண்டாம். வீடு விற்பனை முகவர்கள் விரும்பிச் சொல்லும் வசனம், "இந்தப் பக்கம் சப்வே வருகுது." எக்ளிங்ரன் ரயில் வேலை 2011இல் தொடங்கியது. 2020இல் திறக்கும் என்றார்கள். 2020 போனது, 2021 போனது, 2022உம் போனது. இன்னொரு பக்கம், ஸ்காபரோவில் ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலை 24இல் தடம்புரண்டது, பிறகு திரும்ப ஓடவே இல்லை. அதை நம்பி வீடெடுத்தவர்கள் பேருந்துக்கு மாறினார்கள். சுரங்க ரயிலை ஷெப்பர்ட், மக்கோவன் சந்திவரை நீட்டும் வேலை நடக்கிறது. அது வரும்போது வரட்டும்; உங்கள் வேலை அடுத்த திங்கள் தொடங்குகிறது.

407ஐப் பற்றியும் கேட்பீர்கள். அது கட்டணச் சாலை. 1999இல் 99 வருடக் குத்தகைக்குத் தனியாரிடம் போனது. நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்பக் கட்டணம் மாறும். காசு கொடுக்கும் சாவடி கிடையாது. கமரா இலக்கத் தகட்டைப் படம்பிடிக்கும், பில் வீட்டுக்கு வரும். தினமும் கிழக்கிலிருந்து மேற்கே அதில் போய்வந்தால் மாதக் கடைசியில் ஒரு அறை வாடகை அளவு வரலாம். அந்தக் காசுக்கு வேலைக்குக் கிட்டவே வீடு எடுத்துவிடலாம். பிக்கரிங் புறொக் வீதிக்குக் கிழக்கேயுள்ள பகுதிக்கு 2025 ஜூன் 1 முதல் கட்டணம் இல்லை. விற்பியிலிருந்து ஓஷவா போகிறவருக்கு நல்ல செய்தி. மேற்கே போகிறவருக்குக் கட்டணம் தொடங்கும் இடமே புறொக்தான்.

குடும்பமாக வந்திருந்தால் யார் கையில் கார் இருக்கிறது என்பதைவிட, பிள்ளையை யார் எடுக்கப்போகிறார் என்பதைக் கேளுங்கள். பிள்ளைப் பராமரிப்பு நிலையங்கள் பல பின்னேரம் 6 மணிக்குப் பூட்டும். பிந்தினால் நிமிடக் கணக்கில் காசு கேட்பார்கள். கணவன் மிசிசாகா, மனைவி நகர மையம் என்றால் இரண்டுக்கும் நடுவில் வீடு எடுக்கத் தோன்றும். நடுவில் எடுத்தால் இரண்டு பேருமே பிந்துவார்கள். ஒருவராவது அரை மணியில் வந்துசேரக்கூடிய இடமாக இருக்கட்டும். அல்லது அம்மம்மா இருக்கும் தெருவாக இருக்கட்டும். அம்மம்மா இருக்கிற வீட்டுக்காரர் 401இல் இன்னும் இருபது நிமிடம் நிற்கலாம், அதில் பிழையில்லை. எங்கள் ஆக்கள் கிழக்கிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் கோயில் மட்டுமல்ல.

வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போவது எப்போதும் சனி, ஞாயிறு. கையெழுத்துப் போடமுன் ஒரு செவ்வாயோ புதனோ அந்த வீட்டு வாசலிலிருந்து வேலைக்கு, உங்கள் ஷிப்ட் நேரத்துக்கே, ஒருதடவை போய்ப் பாருங்கள். வீட்டிலிருந்தும் வேலை செய்யக்கூடியவர்கள் திங்களும் வெள்ளியும் வெளியே வருவது குறைவு, அதனால் அந்த இரண்டு நாட்களும் ஏமாற்றும். போகமுடியாவிட்டால் கூகிள் வரைபடத்தில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேண்டும் என்று குறித்துத் தேடுங்கள். அது இரண்டு நேரம் காட்டும், குறைந்தது ஒன்று, கூடினது ஒன்று. கூடினதை எடுங்கள். பனிக்காலத்துக்கு அதற்கு மேலும் வேண்டும். பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து வீட்டு வாசல்வரை நடந்தும் பாருங்கள். புதுக் குடியிருப்புகளில் தெருக்கள் வளைந்து வளைந்து போகும், வரைபடத்தில் கிட்ட இருப்பது மார்கழி இரவில் கால் மணி நடை.

கார்க் காப்புறுதி தபால் குறியீட்டைப் பொறுத்தது. ஒரே கார், ஒரே சாரதி, பிரம்ரன் முகவரி என்றால் கட்டணம் ஒரேயடியாக ஏறும். முன்பணம் கொடுக்கமுன் அந்தத் தபால் குறியீட்டைச் சொல்லி விலை கேளுங்கள். வேலைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்றும் கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

கடைசியாக, பேஸ்மென்ட் எடுப்பவர்கள் கார் எங்கே நிற்கும் என்று கேட்க மறந்துவிடுவார்கள். மார்க்கத்தில் இரவு 2 மணியிலிருந்து 6 மணிவரை தெருவில் கார் விடமுடியாது. ரொறன்ரோவில் அறிவித்தல் பலகை இல்லாத தெருவிலும் 3 மணி நேரம்தான். ஆகவே வீட்டு முற்றத்தில், வீட்டுக்காரரின் காரோடு ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தவேண்டி வரும். முதல் வருடம் என்னுடைய கார் உள்ளே, வீட்டுக்கார அங்கிளின் கார் வெளியே. காலை 5 மணிக்கு நான் கதவைத் தட்ட, அவர் சாரத்துக்கு மேலே பெரிய குளிர் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு, ஒரு சொல் பேசாமல் வந்து காரை எடுத்து விடுவார். மூன்றாம் மாதம் தன் கார்த் திறப்பின் இன்னொரு பிரதியை வெட்டி என் கையில் தந்துவிட்டார்.