அலசு நீரில் போகும் தாமிரத்தைப் பாலிமர் போட்டுத் திரும்ப எடுப்பது எப்படி

காப்பர் முலாம் பூசும் பட்டறைகளில் பொருளை அலசும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமிரம் நீரோடு போய்விடுகிறது. சுண்ணாம்பு போட்டால் அடியில் படியும்தான், ஆனால் கிடைப்பது யாரும் வாங்காத சேறு. தாமிரத்தையே திரும்பக் கையில் எடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது, கல்லூரி லேபிலேயே செய்து பார்க்கலாம்.

அல்ட்ராஃபில்ட்ரேஷன் மெம்பிரேன் (நுண்துளைகள் கொண்ட வடிகட்டும் சவ்வு) மட்டும் இருந்தால் தாமிர அயனி அதில் நிற்காது, துளை அதற்கு மிகப் பெரியது. அதனால் பாலிஎத்திலீன்இமைன் என்ற பாலிமரை நீரில் கரைத்துவிடுகிறோம். அதிலுள்ள நைட்ரஜன்கள் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலிமர் துளையைத் தாண்ட முடியாததால் தாமிரமும் இந்தப் பக்கமே நின்றுவிடும், அப்புறம் அமிலம் சேர்த்தால் பாலிமர் பிடியை விட்டுவிடும். முழு வித்தையும் பி.எச். என்ற அமில-கார அளவில்தான் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்று: சயனைடு பாத்திலிருந்து (முலாம் பூசும் கரைசல் தொட்டி) வந்த அலசு நீரை இதற்கு எடுக்கவே கூடாது. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், அது ஆளைக் கொல்லும். அமிலத் தாமிர சல்பேட் பாத்தின் நீர் மட்டுமே எடுங்கள். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் கலந்த நீரும் வேண்டாம், தாமிரத்துக்காக அது பாலிமரோடு போட்டி போடும்.

லிட்டருக்கு 50 மில்லிகிராம் தாமிரம் உள்ள ஒரு லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாமிர அயனிக்குச் சுமார் நான்கு நைட்ரஜன் தேவை, கொஞ்சம் கூடுதலாகவே போடுவது நல்லது, அந்தக் கணக்கில் 0.25 கிராம் பாலிமர் போதும். பாதிக்குப் பாதி நீர்க் கரைசலாக வாங்கியிருந்தால் 0.5 கிராம். மெம்பிரேனின் தடுப்பு அளவு 10,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), பாலிமர் அதைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கட்டும். ஆனால் எவ்வளவு பெரிய பாலிமர் வாங்கினாலும் அதில் சிறு துண்டுகள் கலந்திருக்கும், அவை தாமிரத்தோடு வெளியே ஓடிவிடும். அதனால் பாலிமரை முதலில் அதே மெம்பிரேனில் வெறும் நீர் விட்டுக் கழுவுங்கள். வடிந்த நீரில் ஒரு சொட்டுத் தாமிர சல்பேட் விட்டால் நீலம் கூடாத வரை கழுவ வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு மெம்பிரேனைக் குறை சொல்கிறார்கள்.

சரி, இப்போது பாலிமரை அலசு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். ஏறக்குறைய நிறமில்லாத நீர் நீலமாகும். அதன் பிறகுதான் நீர்த்த காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச்.-ஐ 5.5-லிருந்து 6-க்குள் கொண்டுவர வேண்டும். பாலிமருக்கு முன்பே காரத்தை ஊற்றினால் தாமிரம் ஹைட்ராக்சைடாகப் படிய ஆரம்பித்துவிடும்.

கலக்கியோடு கூடிய செல்லில் (அழுத்தத்தில் வடிகட்டும் சிறு பாத்திரம்) மெம்பிரேனின் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். மெம்பிரேன் ரீஜெனரேட்டட் செல்லுலோஸால் ஆனதாக இருந்தால் நல்லது, பாலிஈதர்சல்போனில் இந்தப் பாலிமர் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தைக் குறைக்கும். இரண்டு மூன்று பார் நைட்ரஜன் அழுத்தத்தில், பாலிமர் கலந்த அலசு நீரை மேலே ஊற்றிக்கொண்டே ஒரு லிட்டரை 50 மில்லியாகக் குறையுங்கள். உள்ளே மிஞ்சுவது மசி போல அடர் நீலமாக இருக்கும். வெளியே வடிந்ததில் தாமிரம் எவ்வளவு என்று ஏ.ஏ.எஸ்.-இல் (உலோக அளவைக் காட்டும் லேப் கருவி) பாருங்கள், இந்தியாவில் ஆறு குளங்களில் விட அனுமதி லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரைதான்.

இனி விடுவிப்பது. கந்தக அமிலம் சேர்த்து பி.எச். 2-க்குக் கொண்டுவந்தால் அடர் நீலம் வெளிறிவிடும், தாமிரம் பிரிந்ததற்கு அதுதான் அடையாளம். (மெம்பிரேன் இந்த அமிலத்தைத் தாங்குமா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.) இங்கே உடனே கழுவத் தொடங்கினால் கிடைக்கும் கரைசல் வீணாக நீர்த்துப்போகும். முதலில் 50 மில்லியை 10 மில்லியாக வடியுங்கள், தாமிரத்தில் ஐந்தில் நான்கு பங்கு அந்த 40 மில்லியிலேயே வந்துவிட வேண்டும். அதன் பிறகு பி.எச். 2 உள்ள அமில நீரை 30 மில்லி, வடிய வடியக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கழுவினால் மீதியும் பெரும்பாலும் வந்துவிடும். வெறும் நீரால் கழுவாதீர்கள், பி.எச். ஏறினால் பாலிமர் தாமிரத்தை மறுபடி பிடித்துக்கொள்ளும். எல்லாம் சரியாக நடந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 700 மில்லிகிராம் தாமிரம் உள்ள 70 மில்லி கரைசல் கிடைக்கும், மின்பகுப்பில் வைத்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் செந்நிறமாகப் படியும்.

செல்லில் மிஞ்சிய பாலிமரைக் கொட்டிவிடாதீர்கள். காரம் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, சேர்ந்த உப்பு போக நீர் விட்டுக் கழுவி, அடுத்த லிட்டருக்கு அதையே ஊற்றலாம்.