ஸ்டீபன் கிங்கை எங்கிருந்து தொடங்குவது? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழி

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் எழுதிய நாவல்கள் அறுபதைத் தாண்டிவிட்டன. சிறுகதைகள் தனி. இந்தப் பட்டியலைப் பார்த்து மலைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். படம் பார்த்த சூட்டில் 'இட்' நாவலைத் தூக்குகிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் பக்கம், பாதிகூடத் தாண்டாமல் அலமாரிக்குப் போய்விடுகிறது. இல்லையென்றால் 1974இல் வந்த 'கேரி'யில் ஆரம்பித்து வெளிவந்த வரிசையிலேயே படிப்பேன் என்று கிளம்பி, நடுவில் எங்கோ களைத்துவிடுகிறார்கள்.

வெளிவந்த வரிசை தேவையே இல்லை. அவருடைய பெரும்பாலான புத்தகங்கள் தனித்து நிற்பவை. முன்பின் மாறினால் கதை கெட்டுப்போகிற முடிச்சுகள் நாலைந்துதான், அவற்றில் மட்டும் கவனமாக இருந்தால் போதும். கீழே இருப்பது நானே படித்துப் பார்த்து, நண்பர்களுக்கும் கொடுத்துப் பார்த்துச் சரிசெய்த பாதை.

படி 1: 'நைட் ஷிஃப்ட்' தொகுப்பு, ஆனால் முதல் கதையை விட்டுவிட்டு

1978இல் வந்த சிறுகதைத் தொகுப்பு இது. இருபது கதைகள். கிங் பேர் தெரியாத இளைஞராக இருந்த காலத்தில், குடும்பச் செலவுக்குப் பணம் வேண்டி ஆண்களுக்கான பத்திரிகைகளுக்கு எழுதி விற்றவை இதில் நிறைய இருக்கின்றன. வாசகரை முதல் பத்தியிலேயே பிடித்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது, அது ஒவ்வொரு கதையிலும் தெரியும்.

ஆனால் பலர் தடுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான். தொகுப்பின் முதல் கதை 'ஜெருசலேம்ஸ் லாட்'. அது 1850இல் எழுதப்பட்ட கடிதங்களின் வடிவில், அந்தக் காலத்துக் கனமான ஆங்கிலத்தில் போகும். கிங்கின் இயல்பான குரல் அதில் இல்லவே இல்லை. பழைய திகில் எழுத்தாளர்களின் நடையை அவர் வேண்டுமென்றே எடுத்துச் செய்த கதை அது. புதிதாக வருகிறவர் அதைப் படித்துவிட்டு, 'ஓ, இவர் எழுத்தே இப்படித்தான் போலிருக்கிறது' என்று மூடிவிடுகிறார். இப்படிக் கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் அதைத் தாண்டுங்கள். நான் சொல்லும் வரிசை இது: முதலில் 'த பூகிமேன்'. ஒருவர் மனநல மருத்துவரிடம் போய்த் தன் குழந்தைகள் இறந்த கதையைச் சொல்கிறார். சில பக்கங்கள்தான். வீட்டில் இருக்கிற சாதாரணப் பொருளை, இங்கே துணி அலமாரிக் கதவை, எடுத்து அதன்மேல் பயத்தை ஏற்றுகிற கிங்கின் வித்தை இதில் முழுசாக இருக்கிறது. அடுத்து 'குவிட்டர்ஸ், இன்க்.': புகைபிடிப்பதை விட நினைப்பவருக்கு உதவும் ஒரு நிறுவனத்தின் கதை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அப்புறம் 'த லெட்ஜ்', 'சில்ட்ரன் ஆஃப் த கார்ன்'.

'த லாஸ்ட் ரங் ஆன் த லேடர்' கதையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அதில் திகில் கிடையாது. ஓர் அண்ணன், ஒரு தங்கை, வைக்கோல் கொட்டி வைத்த ஒரு களஞ்சியம், இவ்வளவுதான். கிங் வெறும் பேய்க்கதைக்காரர் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இந்தக் கதையைத்தான். தொகுப்பின் கடைசிக் கதையான 'த வுமன் இன் த ரூம்' நோய்ப்படுக்கையில் கிடக்கும் தாயைப் பற்றியது. கிங்கின் அம்மா 1973 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார், 'கேரி' அச்சாகி வருவதற்குச் சில மாதங்கள் முன்னால். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தக் கதையின் கனமே வேறு.

படி 2: ஒரு சிறிய நாவல்

'மிசரி' எடுங்கள். 1987இல் வந்தது. கார் விபத்தில் கால்கள் நொறுங்கிய ஓர் எழுத்தாளர், அவரைக் காப்பாற்றித் தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொள்ளும் ஒரு வாசகி. ஏறக்குறைய ஒரே அறை, இரண்டே ஆட்கள். பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. அந்தச் சமயத்தில் கிங் குடியிலும் கோகெய்னிலும் மூழ்கியிருந்தார். அந்த வாசகியின் பிடி போதைப்பொருளின் பிடிதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இதை அச்சுப் புத்தகமாகவே படியுங்கள். கதையில் வரும் தட்டச்சு இயந்திரத்தில் 'என்' எழுத்து உடைந்திருக்கும். அந்த எழுத்தாளர் தட்டும் பக்கங்களில் அந்த எழுத்து மட்டும் கையால் நிரப்பப்பட்டது போல அச்சிட்டிருப்பார்கள். ஆடியோபுக்கில் இது போயே போய்விடும்.

'கேரி'யை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நல்ல நாவல்தான். ஆனால் நடுநடுவே செய்தித்தாள் துணுக்குகள், விசாரணை அறிக்கைகள் என்று துண்டு துண்டாகப் போகும். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ படிக்கலாம்.

படி 3: இனி எழுபதுகளின் நாவல்கள்

'சேலம்ஸ் லாட்' (1975), 'த ஷைனிங்' (1977). இரண்டையும் இந்த வரிசையில் படித்தால் நல்லது, மாறினாலும் பாதகமில்லை. முதலாவது, மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றை ரத்தக்காட்டேரி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் கதை. முதல் நூறு பக்கம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்வதிலேயே போகும். அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். அந்த மனிதர்களைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் அவர்கள் ஒவ்வொருவராக மறையும்போது வலிக்கும்.

'த ஷைனிங்' பிறந்த கதை சுவாரசியமானது. 1974இல் கிங்கும் மனைவி தபிதாவும் கொலராடோவின் எஸ்டஸ் பார்க் ஊரில் உள்ள ஸ்டான்லி ஹோட்டலில் தங்கினார்கள். குளிர்காலத்துக்காக ஹோட்டலை மூடப் போகிற நேரம், வேறு விருந்தினர் இல்லை. அவர்கள் தங்கிய அறை 217. நாவலிலும் 217 வரும். ஸ்டான்லி குப்ரிக்கின் 1980 படத்தில் அது 237 ஆகிவிட்டது.

மாறியது அறை எண் மட்டுமில்லை, இதுதான் முதல் முடிச்சு. நாவலின் முடிவும் படத்தின் முடிவும் வேறு வேறு. 2013இல் வந்த தொடர்ச்சியான 'டாக்டர் ஸ்லீப்', நாவலின் முடிவிலிருந்துதான் தொடங்கும். படம் மட்டும் பார்த்துவிட்டு அதற்குள் போனால், 'இது எப்போது நடந்தது?' என்று விழிக்க வேண்டியிருக்கும்.

சிறு குழந்தைகள் வீட்டில் இருப்பவர்கள் 'பெட் செமட்டரி'யை (1983) இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். லாரிகள் பறக்கும் சாலையோரம் கிங் குடும்பம் குடியிருந்தபோது, அவர்கள் மகளின் பூனை அடிபட்டுச் செத்ததிலிருந்து வந்த கதை அது. எழுதி முடித்துவிட்டு, 'இது மிகவும் இருட்டாக இருக்கிறது' என்று அவரே பெட்டியில் போட்டுவிட்டார். பதிப்பகத்துடனான ஒப்பந்தக் கணக்கை முடிக்கத்தான் பிறகு வெளியே எடுத்தார். எனக்கு அவருடைய ஆகச் சிறந்த திகில் நாவல் அதுதான். ஆனாலும் யாருக்கும் முதல் புத்தகமாகக் கொடுக்க மாட்டேன்.

படி 4: மூச்சு வாங்க 'டிஃபரன்ட் சீசன்ஸ்'

1982. நான்கு குறுநாவல்கள். 'த ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்', 'ஸ்டாண்ட் பை மீ' இரண்டு படங்களுக்கும் மூலம் இதில்தான் இருக்கிறது. திகில் பிடிக்காதவர்கள் நேராக இங்கேயே தொடங்கலாம்.

படி 5: தடித்த புத்தகங்களும் பதிப்புக் குழப்பமும்

'த ஸ்டாண்ட்' நாவலுக்கு இரண்டு வடிவம் உண்டு. 1978இல் வந்தபோது அச்சுச் செலவைக் காரணம் காட்டி ஏறக்குறைய நானூறு பக்கம் வெட்டச் சொன்னார்கள். வெட்டியதும் கிங்தான். 1990இல் அவற்றைச் சேர்த்து, கதை நடக்கும் ஆண்டையும் 1990க்கு நகர்த்தி முழு வடிவமாக வெளியிட்டார். இன்று கடையில் புதிதாகக் கிடைப்பது இந்த முழு வடிவம். பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் உரிமைப் பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். இதைக் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: முழு வடிவத்தையே படியுங்கள். கொள்ளைநோய் பரவும் பகுதிகள் அதில்தான் நிறைவாக இருக்கின்றன.

'இட்' (1986) படிக்கும்போது ஒரு தாளில் ஏழு சிறுவர்களின் பெயரையும், ஒவ்வொருவரும் பெரியவர்களானபின் செய்யும் வேலையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதை 1958க்கும் 1985க்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும், சில இடங்களில் ஒரு வாக்கியம் ஒரு காலத்தில் தொடங்கி இன்னொரு காலத்தில் முடியும். செயலியெல்லாம் வேண்டாம், புத்தகத்துக்குள் செருகி வைத்த தாளே போதும். இதை முடித்த பிறகு '11/22/63' படியுங்கள். அதில் காலத்தில் பின்னோக்கிப் போகும் கதாநாயகன், 'இட்' கதை நடக்கும் டெர்ரி ஊருக்குள், 1958இல் போவான். அங்கே யாரைச் சந்திக்கிறான் என்பது 'இட்' படித்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் பரிசு.

படி 6: 'த டார்க் டவர்'

இது கிங்கின் நீண்ட கற்பனை நாவல் தொடர், எட்டு புத்தகங்கள். 1982இல் முதலாவது, 2004இல் ஏழாவது, பிறகு 2012இல் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் நடப்பதாக ஒன்று. அந்த 2012 புத்தகத்தைக் கடைசியில் படியுங்கள்.

முதல் புத்தகமான 'த கன்ஸ்லிங்கர்' பலரைத் துரத்திவிடும். இருபதுகளின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தது, வறண்டு இறுக்கமாக இருக்கும். 2003இல் கிங் அதைத் திருத்தி வெளியிட்டார். பின்வரும் புத்தகங்களோடு பொருந்தாத இடங்களைச் சரிசெய்திருக்கிறார், அதனால் திருத்திய பதிப்பே புதியவர்களுக்கு ஏற்றது. பிடிக்கவில்லை என்றாலும் இரண்டாவதான 'த ட்ராயிங் ஆஃப் த த்ரீ' வரை பொறுங்கள். கடற்கரையில் தொடங்கும் அந்த முதல் அத்தியாயத்துக்குப் பிறகு விடுபவர்களை நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது புத்தகத்துக்கு முன்னால் 'சேலம்ஸ் லாட்' கட்டாயம். அதில் வரும் பாதிரியார் கேலஹன் இங்கே திரும்பி வருகிறார், நாவலின் முடிவையும் சொல்லிவிடுகிறார். நான்காவதுக்கு முன்னால் 'த ஸ்டாண்ட்' படித்திருந்தால் ஓரிடத்தில் சிலிர்க்கும். ஏழாவதுக்கு முன்னால் 'ஹார்ட்ஸ் இன் அட்லாண்டிஸ்' தொகுப்பின் முதல் கதை.

1999 ஜூனில் சாலையோரம் நடந்து போன கிங்கை ஒரு வேன் மோதி, பிழைப்பாரா என்ற நிலைக்குக் கொண்டுபோனது. தொடர் முடியாமலே போய்விடுமோ என்ற பயம் அவருக்கும் வந்தது, கடைசி மூன்று புத்தகங்களும் 2003, 2004 என்று அடுத்தடுத்து வந்ததற்குப் பின்னால் அந்தப் பயம் இருக்கிறது. அந்த விபத்தே கதைக்குள்ளும் வருகிறது. அதனால் 'ஆன் ரைட்டிங்' (2000) நூலை ஆறாவது புத்தகத்துக்கு முன் படித்துவிடுங்கள். எழுத்துக்கலை பற்றிய நூல் என்றாலும் பாதி அவர் வாழ்க்கைதான். 'கேரி'யின் முதல் பக்கங்களைக் குப்பைக்கூடையிலிருந்து தபிதா எடுத்துக் கொடுத்ததும், பேப்பர்பேக் உரிமை 4,00,000 டாலருக்குப் போன செய்தி தொலைபேசியில் வந்ததும் அதில்தான் இருக்கின்றன.

பின்சேர்க்கை 1: வாசகர்கள் பலர் கேட்டது, 'தொலைக்காட்சித் தொடர் பார்த்துவிட்டு த அவுட்சைடர் வாங்கினேன், நடுவில் வரும் ஹாலி யார்?' என்று. அவர் 'மிஸ்டர் மெர்சிடீஸ்' (2014) நாவலிலிருந்து வருபவர். வரிசை: 'மிஸ்டர் மெர்சிடீஸ்', 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்', 'எண்ட் ஆஃப் வாட்ச்', 'த அவுட்சைடர்', 'இஃப் இட் பிளீட்ஸ்' தொகுப்பின் தலைப்புக் கதை, 'ஹாலி', 'நெவர் ஃப்ளின்ச்'. நான்காவதை முதலில் படித்தால், மூன்றாவதன் முடிவு போகிற போக்கில் உடைந்துவிடும். கிங்கின் எல்லாப் புத்தகங்களிலும் வரிசை மிக முக்கியமாக இருப்பது இந்த ஏழில்தான்.

பின்சேர்க்கை 2: இதே சிக்கல் 'கூஜோ'விலும் (1981) இருக்கிறது. அதன் முதல் பக்கங்களே 'த டெட் ஸோன்' (1979) நாவலின் கொலையாளி யார் என்று சொல்லிவிடும். 'த டெட் ஸோன்' முதலில்.

பின்சேர்க்கை 3: ரிச்சர்ட் பாக்மன் பெயரில் இருப்பவை கிங் எழுதியவையா என்று கேட்டிருந்தார்கள். ஆமாம். ஆண்டுக்கு ஒரு புத்தகத்துக்கு மேல் ஒரே பெயரில் விற்காது என்று பதிப்பகத்தார் நினைத்த காலம் அது. தன் வெற்றி அதிர்ஷ்டமா உழைப்பா என்று பார்க்கும் ஆசையும் அவருக்கு இருந்தது. 1985இல் ஒரு புத்தகக்கடை ஊழியர் பதிப்புரிமை ஆவணங்களைத் தேடி உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். இந்தப் பெயரில் முதலில் படிக்க வேண்டியது 'த லாங் வாக்': கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போதே எழுதியது, மெலிந்த புத்தகம். 'ரேஜ்' மட்டும் தனியாகக் கிடைக்காது. பள்ளித் துப்பாக்கிச்சூடுகளோடு அதன் பெயர் அடிபட்டதால் கிங்கே அச்சிலிருந்து எடுத்துவிட்டார். அதைத் தேடி அலைய வேண்டாம்.

பின்சேர்க்கை 4: 'த டார்க் டவர்' தொடரை ஆடியோபுக்காகக் கேட்பவர்கள், ஐந்தாவதில் குரல் மாறுகிறதே என்று எழுதியிருந்தார்கள். இரண்டு முதல் நான்கு வரை வாசித்த ஃபிராங்க் முல்லர் 2001இல் மோட்டார்சைக்கிள் விபத்தில் படுகாயமடைந்தார். அதன் பிறகு ஜார்ஜ் கைடால் பொறுப்பேற்றார். திருத்திய முதல் புத்தகத்தை வாசித்திருப்பதும் கைடால்தான். நீங்கள் வாங்கியது தவறான பதிப்பு இல்லை, தொடர்ந்து கேளுங்கள்.