பழைய ஒலிப்பதிவு காட்டிய முன்னேற்றம்
மூன்று ஆண்டுகள் வயலின் பயின்றும் நான் சிறிதும் முன்னேறவில்லை என்றே நம்பியிருந்தேன். ஏனெனில், கை தேறத் தேறக் காதும் கூர்மையடைந்து, முன்பு புலப்படாத பிழைகளையெல்லாம் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தது. முந்தைய நாளோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் தவறுதான், ஒரு நாளின் வேறுபாடு எவர் காதுக்கும் எட்டாது.

அதனால், ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் ஒரே பயிற்சிப் பாடத்தை, சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து வாசித்து, கைபேசியில் பதிவு செய்து, தேதியிட்டு வைத்தேன். ஆறு மாதம் வரை எதையும் திரும்பக் கேட்பதில்லை என்றும் உறுதி கொண்டேன். இந்தக் காத்திருப்புதான் மிகக் கடினமாக இருந்தது.

பிறகு முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, வில் திசை மாறும் இடங்களில் இருந்த கரகரப்பு பெரும்பாலும் மறைந்திருந்ததையும், நான்காம் விரலான சுண்டுவிரல் சுருதி சேர்ந்து நின்றதையும் தெளிவாக உணர்ந்து நெகிழ்ந்தேன். மேல் ஸ்தாயிக்குக் கை நகரும்போது மட்டும் தடுமாற்றம் நீடிக்கிறது. இப்போது பயிற்சியின் முதல் பத்து நிமிடங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.