கிளைமேட் திட்டம் வார்டுக்கு வந்தால் கணக்குக் கேட்பது எப்படி

வடசென்னையில் வெயில் கூடிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி அரசு ஒரு திட்டத்தை நம் பகுதியில் இறக்கும்போது, அதை எப்படிச் சோதிப்பது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தண்டையார்பேட்டையில் சின்னப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்வது என் தொழில். அதனால் எதையும் வரவு, செலவு, யார் பொறுப்பு என்றுதான் பார்ப்பேன்.

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் காசை எடுத்து, அடுத்தவர் இடத்தில் முடிவெடுக்கிறவர், முடிவு தவறினால் நஷ்டப்படுவதில்லை. ஆகவே அரசின் கைக்குப் புதிதாக ஒரு வரியோ அதிகாரமோ போகும்முன் பத்து முறை கேள்வி கேட்க வேண்டும். 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, எதற்கெடுத்தாலும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று எதை எதிர்த்தாரோ, அது இன்று சுற்றுச்சூழல் பெயரில் வந்தாலும் எதிர்க்க வேண்டியதுதான்.

முதலில், எந்தப் பிரச்சினைக்காகத் திட்டம் என்று சொல்கிறார்களோ அந்தப் பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலை வழியாக எர்ணாவூர் வரை ஒருமுறை போய்வாருங்கள். கரை முழுக்கப் பாறாங்கல். கடல் மட்டம் ஏறுவது உண்மைதான். ஆனால் இந்தக் கரை அரிக்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு. நம் கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. கல் கொட்டிய இடத்தில் கரை நின்றது, அடுத்த குப்பத்தில் அரிப்பு தொடங்கியது. இப்போது இதையே பருவநிலை மாற்றம் என்ற ஒரே தலைப்பில் எழுதிவிட்டால், துறைமுகம் கட்டியவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லாமல் போய்விடும். அறிக்கையில் அப்படி இருந்தால், அரிப்பில் துறைமுகங்களின் பங்கு எவ்வளவு, கடல் மட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது பணம். இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

2010-ல் மத்திய அரசு நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வசூலிக்கும் வரி, போட்டது. தூய எரிசக்திக்கு என்று தனி நிதியம் வைத்து அதில் செலவிடுவதாகச் சொன்னது. 2016-க்குள் செஸ் 400 ரூபாய் ஆனது. 2010-11 முதல் 2017-18 வரை வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். நிதியத்துக்கு மாற்றப்பட்டது 30,000 கோடிக்கும் குறைவு. அதிலிருந்து திட்டங்களுக்குப் போனது 16,000 கோடியைத் தொடவில்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுப்பதற்கான செஸ்ஸாக மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் செஸ்ஸை எடுத்தபோது நிலக்கரிக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோ நிலக்கரி என்று வைத்துக்கொண்டால், டன்னுக்கு 400 ரூபாய் என்பது யூனிட்டுக்கு 30 பைசா. அதைக் கட்டியது கடைசியில் மின்சாரம் வாங்குகிறவர்கள்தான். எந்தக் கட்சி ஆட்சியிலும் நடக்கக்கூடியது இது, ஏனென்றால் வசூலிக்கிறவரும் திருப்பிவிடுகிறவரும் ஒரே ஆள்.

ஆகவே திட்ட அறிவிப்பு வந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு (ஆர்டிஐ) போடுங்கள். மாநிலத் துறை என்றால் வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு நிறுவனம் என்றால் அந்த ஸ்டாம்ப் செல்லாது, ஆன்லைனில் கட்டிவிடுவது சுலபம். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். விளக்கம் தர இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். நான் எழுதும் வாசகம் இப்படி இருக்கும்:

‘மேற்படி திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை, கணக்குத் தலைப்பு, இன்றுவரை செலவான தொகை ஆகியவை அடங்கிய பதிவேட்டின் நகல். திட்டத்தால் குறையும் என்று கூறப்படும் கரிம உமிழ்வைக் கணக்கிட்ட தாள்களின் நகல். திட்டம் முடிந்தபின் அந்தக் குறைவை அளந்து அறிக்கை தரும் பொறுப்பு எந்த அலுவலருக்கு என்பதைக் காட்டும் ஆணையின் நகல்.’

மூன்றாவது கேள்விதான் முக்கியம். 30 நாளில் பதில் வராவிட்டால், அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கோப்பை நேரில் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை.

பிறகு, திட்டம் செய்யச் சொல்லும் காரியத்தை மக்கள் தாங்களே செய்வதை ஏற்கெனவே எந்த விதி தடுக்கிறது என்று தேடுங்கள். லேத் பட்டறைக் கூரையில் சோலார் பானல் போட்ட தம்பி ஒருவர் மின்சார பில்லை நீட்டி, “அக்கா, பானல் போட்டா பில் இறங்கும்னாங்க. இது என்னக்கா, என் கூரைக்கே கட்டணமா?” என்று கேட்டார். மின்வாரியத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கென்று போடும் நெட்வொர்க் கட்டணம் அது. கூரையில் தயாராகி, வெளியே போகாமல் பட்டறைக்குள்ளேயே செலவாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துத்தான். சிறு தொழில்கள் 2023 செப்டம்பரில் ஒரு நாள் கதவடைப்பு செய்தபோது வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று, அதன் பிறகு பாதியாகக் குறைத்தார்கள். ஒரு பக்கம் வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரை சோலார் மானியம், இன்னொரு பக்கம் பட்டறைக்காரரிடம் கட்டணம். கட்டணத்தை முழுசாக எடுத்தாலே பாதிப் பேர் மானியமில்லாமல் பானல் போடுவார்கள் என்பது நான் எழுதும் கணக்குகளிலிருந்து எனக்குத் தோன்றுவது.

கட்டாயப்படுத்தாவிட்டால் இதை யாராவது வாங்குவார்களா என்றும் கேளுங்கள். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று 2025 மே மாதம் மக்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். புகையைப் பற்றி நிறையப் பேசினோம், அது சரிதான். ஆனால் 2016-ல் வந்த மின்கட்டணக் கொள்கையை யாரும் எடுத்துக் காட்டி நான் பார்க்கவில்லை. ஒரு மாநிலத்தில் இத்தகைய ஆலைகள் தயாரிக்கும் மின்சாரம் முழுவதையும் விநியோக நிறுவனம் கட்டாயம் வாங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தயாரிப்பதை எல்லாம் வாங்க ஆள் உறுதி என்றால் ஆலைக்காரர் எதற்காகக் குப்பையைக் குறைக்கப் போகிறார்? இதுபோன்ற உத்தரவாதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள்.

தடுக்கிறவரே செய்கிறவராக இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உள்ள பெரிய அனல்மின் நிலையங்கள் மாநில அரசுடையவை அல்லது மத்திய, மாநில அரசுகளின் கூட்டு. நிலக்கரி எரிந்து வரும் சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்று 1999-லேயே அறிவிக்கை வந்தது, பிறகு திருத்தம் மேல் திருத்தம். கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலைப் பசுமைத் தீர்ப்பாயமே விசாரித்தது. புகைக்கான புதிய வரம்புகள் 2015 டிசம்பரில் வந்தன, கெடு 2017. அது 2022-க்குத் தள்ளிப்போய், மறுபடியும் தள்ளிப்போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு வரம்பே தளர்த்தப்பட்டது. பெருநகரங்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 டிசம்பர் வரை அவகாசம். வேலியே பயிரை மேயும் இடத்தில் வேலியை உயர்த்திக் கட்டிப் பயனில்லை. இதே கைகள்தான் 2070-ல் நிகர பூஜ்யம், அதாவது வெளியேற்றும் கரிமமும் அகற்றும் கரிமமும் சமம், என்று நமக்கு வாக்குக் கொடுக்கின்றன.

அப்படியானால் மாற்று என்ன என்று கேட்பார்கள், பதிலோடு போங்கள். பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை மீனவர்களே சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். மீறினால் ஊரே கேட்கும். பொதுச் சொத்தை அதைப் பயன்படுத்துகிறவர்களே இப்படிக் காப்பாற்ற முடியும் என்று உலகம் முழுக்க ஆராய்ந்து காட்டிய எலினர் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். எண்ணூரில் உள்ள காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவ மக்களுக்குக் கொசஸ்தலை ஆற்றின் மீது எழுத்தில் உரிமை இருந்தால், சாம்பல் விழுந்த அன்றே அரசு நிலையத்தின் மீது நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம். அந்த பயம் எந்த வரியையும்விட நன்றாக வேலை செய்யும் என்று நம்புகிறேன். ஆகவே உங்கள் மனுவில் நிதி கேட்காதீர்கள். உரிமையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், நாசம் செய்தவர் அரசே ஆனாலும் நேரடியாக இழப்பீடு தர வேண்டும் என்று எழுதுங்கள்.

எல்லாத் திட்டத்துக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. 2006-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நடக்கும் கூட்டமென்றால் 30 நாள் முன்னறிவிப்பும் தமிழில் சுருக்க அறிக்கையும் கிடைக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் முழு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், செலவுக் கணக்கு பெரும்பாலும் பின்பக்கங்களில் இருக்கும். மேடையில் மூன்று நிமிடத்துக்குமேல் பேச விடமாட்டார்கள் என்று நினைத்து ஒரே கேள்வியோடு போங்கள், மீதியை எழுதிக் கொடுங்கள். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், முடிவில் பதிவான கருத்துகளை மக்கள் மொழியில் வாசித்துக் காட்டி அன்றே கையெழுத்திட வேண்டும் என்று அந்த அறிவிக்கையிலேயே இருக்கிறது. சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று பலர் அதற்குமுன் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பாதீர்கள். உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.