அமெரிக்கப் புல்வெளிக் குடியேறிகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கௌபாய் காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். அமெரிக்க மேற்கு என்றதும் குதிரையும் துப்பாக்கியும் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா பகுதிகளில் குடியேறிய விவசாயக் குடும்பங்களைப் பற்றி எழுதும்போதும் அதே படங்களைத் தீட்டினால், அவர்கள் பட்ட பாடு எதுவும் வாசகருக்குத் தெரியாமலே போகும்.

முதல் தவறு நம் மொழிப் பழக்கத்தாலேயே வருகிறது. "காடு திருத்திக் கழனியாக்கினார்கள்" என்று கை தானாக எழுதிவிடும். பிரெய்ரி எனப்படும் அந்தப் பரந்த புல்வெளியில் ஏது காடு? ஓடைக்கரைகளை விட்டால் மரமே அபூர்வம். அங்கே எதிரி புல்லின் வேர். பல அடி ஆழத்துக்கு இறங்கிப் பின்னிக் கிடக்கும். அதைக் கிழித்து உழப் பல ஜோடி எருதுகள் வேண்டும். வார்ப்பிரும்புக் கலப்பையில் மண் அப்பிக்கொள்ளும். நின்று நின்று வழித்துவிட வேண்டும். இலினாய் மாநிலக் கொல்லர் ஜான் டியர் 1837-ல் வழவழப்பான எஃகுக் கலப்பை செய்தது எத்தனை பெரிய விடுதலை என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

மரமில்லாத ஊரில் மர வீட்டைக் கட்டிவிடுவது அடுத்த பிழை. பலருக்கு முதல் வீடு மண்வீடுதான். புல்லும் வேருமாகப் பெயர்த்த மண்பாளங்களை, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல்போல் அடுக்குவார்கள். சுவர் இரண்டு மூன்றடி கனம். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு. மழைதான் சோதனை. வெளியே மழை விட்ட பிறகும் கூரை சொட்டிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டில் மண்ணும் பூச்சியும் விழாமலிருக்கக் கூரைக்கடியில் மெல்லிய துணியைக் கட்டிவைப்பார்கள்.

அடுப்புக்கும் விறகில்லை. காட்டெருமைச் சாணம் புல்வெளியில் தானாகக் காய்ந்து கிடக்கும். பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கி வருவார்கள். வறட்டி என்றால் நம் வாசகருக்குச் சட்டென்று புரியும், ஆனால் நம் வறட்டிபோல் தட்டிக் காயவைத்ததல்ல. அதுவும் தீர்ந்தால் காய்ந்த புல். அப்படியே போட்டால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும் என்பதால் வைக்கோல் பிரிபோல் இறுக்கி முறுக்குவார்கள். பனிப்புயல் நாட்களில் வீட்டில் யாராவது ஒருவர் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சண்டைக்காட்சிக்கு ஒதுக்கும் பக்கத்தை இந்தக் கைகளுக்குக் கொடுங்கள் என்பேன்.

"இலவச நிலம்" என்ற சொல்லிலும் கவனம் தேவை. லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் தந்தது. பதிவுக் கட்டணங்கள் மொத்தம் 18 டாலர்தான். ஆனால் ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிரிட்டால்தான் பட்டா. எருது, கலப்பை, விதை, கிணறு என்று சேர்த்தால் செலவு சில நூறு டாலரைத் தொடும். 1874-ல் வந்த வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரோடு கருவிகளின் மரப்பிடிகளையும் கடித்துத் தின்றது. பட்டா கிடைக்கும் முன்பே விட்டுப்போன குடும்பங்கள் ஏராளம்.

மேற்கே போகப் போக மழை குறைவு. "ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னால் வரும்" என்ற நம்பிக்கையை அன்று படித்தவர்களே பரப்பினார்கள். வறண்ட பகுதியில் மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று மேற்குப் பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-லேயே அறிக்கை கொடுத்திருந்தார். காது கொடுத்தவர்கள் குறைவு. ஆகவே தோற்றுப்போன விவசாயியைச் சோம்பேறியாகக் காட்டாதீர்கள்.

குடியேறி என்றால் வெள்ளை ஆண் என்றும் முடிவுகட்ட வேண்டாம். மணமாகாத பெண்களும் விதவைகளும் தங்கள் பெயரிலேயே நிலம் பதிந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பினத்தவர் 1877-ல் கான்சாஸில் நிக்கோடிமஸ் என்ற ஊரையே உருவாக்கினார்கள்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு "ஆளில்லாத வெற்று நிலம்" என்று எழுதுவது. தெரியாமல் எழுதினாலும் அது ஒரு மக்களைத் துடைத்தெறிகிறது. குடியேறிகள் மண்வீடு கட்டிய அதே நெப்ராஸ்காவில், அவர்களுக்கு வெகுகாலம் முன்பே பானி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் மரச்சட்டத்தின் மேல் புல்லும் மண்ணும் போர்த்திய பெரிய வட்ட வீடுகளில் வாழ்ந்தார்கள். சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டார்கள். 1870-களில் அவர்கள் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது. பானி தேசத்தின் தலைமையகம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.