குதுப்மினாரில் சித்தப்பாவுக்கு எந்த டிக்கெட்? வெளிநாட்டு உறவினரோடு டெல்லி சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் பிறந்துவிட்டால் டெல்லித் தமிழர் வீடுகளில் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். கரோல்பாக்கோ ஆர்.கே. புரமோ மயூர் விகாரோ, எந்த வீட்டுக் கூடத்திலும் இரண்டு மெத்தை கூடுதலாக விரிந்திருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருவதில்லை. நியூஜெர்சி சித்தப்பா, டொராண்டோ அத்தை, மலேசியாவின் கிள்ளானிலிருந்து சம்பந்தி வீட்டார், யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றுவிட்ட தம்பி என்று ஒரே குடும்பத்தில் நாலு பாஸ்போர்ட் இருக்கும். எல்லாரையும் ஒரு வண்டியில் ஏற்றிக் குதுப்மினார் வாசலில் இறக்கினால், பலகையில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று போட்டிருக்கும். அங்கேயே நின்று ஒரு குடும்ப மாநாடு நடக்கும்.

பெரும்பாலான தவறுகள் அந்த மாநாட்டில்தான் பிறக்கின்றன. சில வீடுகள் தேவையில்லாமல் 600 கட்டுகின்றன. சில வீடுகள் கட்ட வேண்டிய 600-ஐக் கட்டாமல் நுழையப் பார்த்து வாசலில் மாட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். டிக்கெட் விலை கையில் இருக்கும் தாளைப் பொறுத்தது என்பதை மறந்துவிட்டு, ரத்தம், நிறம், பேசும் மொழி, பிறந்த ஊர் என்று வேறு எதை எதையோ வைத்துக் கணக்குப் போடுகிறோம்.

முதலில் விலையைப் பார்த்துவிடலாம். மத்தியத் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்கள் இரண்டு வகை. உலகப் பாரம்பரியச் சின்னங்கள் முதலிய பெரிய இடங்கள் முதல் வகை. டெல்லியில் குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் அதில் வரும். இந்தியருக்கு 40, வெளிநாட்டவருக்கு 600. இணையத்தில் வாங்கினால் 35, 550. இரண்டாம் வகையில் புராணா கிலா, சப்தர்ஜங் கல்லறை, ஜந்தர் மந்தர், துக்ளகாபாத் கோட்டை. அங்கே 25, 300. இணையத்தில் 20, 250. இவை 2018 ஆகஸ்டில் வைத்த விலைகள். கிளம்பும் முன் ஒரு தடவை இணையத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. இது போக, செங்கோட்டை போன்ற இடங்களில் உள்ளே இருக்கும் மியூசியங்களுக்குத் தனிச் சீட்டும் உண்டு.

என்.ஆர்.ஐ. வெளிநாட்டவர் அல்ல

இது மிகச் சாதாரணமான குழப்பம். துபாயில் இருபது வருஷமாக இருக்கிறார், சம்பளம் திர்ஹாமில் வருகிறது, அதனால் 600 கட்டித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற யாரும், எந்த நாட்டில் குடியிருந்தாலும், இந்தியர்தான். 40 ரூபாய் போதும். சவூதி மாமாவுக்கும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தங்கைக்கும் இதே கணக்கு.

அடுத்தது ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய சித்தப்பா இப்போது இந்தியர் இல்லை. ஆனால் ஓசிஐ கார்டு இருந்தால், நினைவுச்சின்னங்கள், வரலாற்று இடங்கள், மியூசியங்கள், தேசியப் பூங்காக்கள் இவற்றின் நுழைவுக் கட்டணத்தில் அவர் இந்தியருக்குச் சமம். உள்துறை அமைச்சகத்தின் 2021 மார்ச் 4 அறிவிக்கையில் இது தெளிவாகவே இருக்கிறது. உள்நாட்டு விமானக் கட்டணத்துக்கும் அப்படித்தான். இது தெரியாமல் கணவன், மனைவி, காலேஜ் படிக்கிற இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேருக்கு 2,400 கட்டிவிட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. 160 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

ஆனால் கார்டை வீட்டிலோ ஓட்டல் பெட்டகத்திலோ பூட்டிவிட்டு வந்தால் இந்த உரிமை கவுன்டரில் செல்லாது. போனில் இருக்கும் படத்தை ஒருவர் ஏற்றுக்கொள்வார், இன்னொருவர் மாட்டார். அசலைக் கையில் வைத்திருப்பதே மேல். தொலைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். அப்படியானால் கழுத்தில் மாட்டும் சின்னப் பை ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

ஓசிஐ எடுக்காமல் இ-விசாவில் வந்திருப்பவர், கும்பகோணத்திலேயே பிறந்திருந்தாலும் 600 கட்ட வேண்டியவர்தான். "எங்க தாத்தா இந்த ஊரு" என்று கவுன்டரில் சொல்வதால் பயன் இல்லை. அந்தத் தாத்தாவின் பிறப்பையோ குடியுரிமையையோ காட்டும் தாள் இருந்தால் அதை வைத்து ஓசிஐ-க்கு விண்ணப்பிக்கலாம். கொள்ளுப்பேரர் வரைக்கும் வழி உண்டு. மலேசியத் தமிழர் பலருக்கு இந்த இடத்தில்தான் சிக்கல். மூன்று நாலு தலைமுறைக்கு முன் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறியவரின் தாள் யாரிடம் இருக்கிறது? ஆகவே கிள்ளான் சம்பந்தி வீட்டாருக்கு 600 தான், மனசு எவ்வளவு கஷ்டப்பட்டாலும்.

யாழ்ப்பாணத்துத் தம்பி, டொராண்டோ அத்தை

பலருக்கும் தெரியாத சலுகை ஒன்று இருக்கிறது. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக், இவற்றில் உள்ள நாடுகளின் குடிமக்களுக்குத் தொல்லியல் துறை இந்தியக் கட்டணமே வாங்குகிறது. இலங்கை, நேபாளம், பூட்டான், வங்காளதேசம், மாலத்தீவு, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகியவை சார்க். பிம்ஸ்டெக் வழியாகத் தாய்லாந்தும் மியான்மரும் சேர்ந்துகொள்கின்றன. ஆக, இலங்கை பாஸ்போர்ட்டோடு வரும் யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு 40 ரூபாய். யாங்கோனிலிருந்து வரும் பர்மாத் தமிழருக்கும் 40 ரூபாய். அதே யாழ்ப்பாணத்தில் பிறந்து, போரில் எல்லாம் விட்டுவிட்டுப் போய்க் கனடாக் குடியுரிமை பெற்ற அத்தைக்கு 600. ஒரே வயிற்றில் பிறந்தவர்களாகவே இருக்கலாம்; கவுன்டருக்கு அது தெரியாது.

இது நியாயமா என்று அத்தை கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் தம்பிக்கும் சேர்த்து 600 கட்டுவது வெறும் அறியாமை. கவுன்டரில் இருப்பவர் முகத்தையும் பேச்சையும் பார்த்து இந்தியச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாலும், பாஸ்போர்ட்டைக் காட்டி சார்க் என்று சொல்லியே வாங்குங்கள். இணையத்தில் வாங்கும்போதும் நாட்டுப் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் எல்லாருக்கும் இந்தியா என்று போட்டுவிட்டால், வாசலில் அடையாளத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது வேறு நாடு தெரியும். அங்கே போய் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்தச் சலுகையை எல்லா இடத்துக்கும் நீட்டிக்கொள்வதும் தவறு. இது தொல்லியல் துறையின் விதி. தேசிய மியூசியம், நவீன ஓவியக் கலைக்கூடம் போன்றவை தங்கள் கணக்கில் தனியாகக் கட்டணம் வைக்கின்றன. தேசிய மியூசியத்தில் இந்தியருக்கு 20, வெளிநாட்டவருக்கு 650. பலகையைப் படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

"வாயைத் திறக்காதே" வைத்தியம்

இனி, கட்ட வேண்டியதைக் கட்டாமல் நுழைவது. நம் வீடுகளில் இதற்கு ஒரு கலையே வளர்ந்திருக்கிறது. பிள்ளையின் பேஸ்பால் தொப்பியைக் கழற்று, ஷூவை மாற்றிச் செருப்பு போடு, உள்ளே போகிறவரை வாயைத் திறக்காதே, கேட்டால் சென்னை என்று சொல். நம் நிறத்துக்கு யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். பாதி நேரம் கேட்கவும் மாட்டார்கள்தான். ஆனால் கேட்டுவிட்டால் காவலர் பெரியவர்களிடம் கேட்க மாட்டார்; குனிந்து அந்தப் பதினாறு வயதுப் பையனிடம்தான் "கஹான் ஸே?" (எங்கிருந்து?) என்பார். பையன் "ஹூஸ்டன்" என்று பெருமையாகச் சொல்லிவிடுவான். பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தும் பயன் இல்லாமல் போகும்.

இதில் ஆபத்தான வடிவமும் ஒன்று உண்டு. குடியுரிமை மாறிய பிறகும் பழைய இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, இப்படியான இடங்களில் எடுத்துக் காட்டுவது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற அன்றே 1955 குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. அதற்குப் பிறகு அந்த பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது குற்றம். 560 ரூபாய் மிச்சம் பிடிக்க அதை நீட்டுவது, தன் கையாலேயே சாட்சியத்தைக் கொடுப்பது மாதிரி. ஆதாரை நீட்டினாலும் அப்படித்தான். ஆதார் இங்கே வசித்ததற்கான எண், குடியுரிமைக்கான சான்று அல்ல.

முகத்தைப் பார்த்து நாட்டை ஊகிக்கும் பழக்கம் மறுபக்கமும் வெட்டுகிறது. மணிப்பூர், நாகாலாந்து, லடாக் மக்களை டெல்லியிலும் ஆக்ராவிலும் வாசலில் நிறுத்தி இந்தியர்தானா என்று கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கலிபோர்னியாத் தமிழர் சத்தமில்லாமல் 40 ரூபாயில் உள்ளே போக, இம்பாலில் பிறந்தவர் தன் சொந்த நாட்டில் அடையாள அட்டையைத் தேடுகிறார். உங்களோடு வருகிறவர்களில் அப்படி ஒரு நண்பர் இருந்தால், அவரைத் தனியாக க்யூவில் விடாதீர்கள். எல்லாருடைய அட்டையையும் சேர்த்து நீங்களே காட்டுங்கள். நாமும் நம் பங்குக்கு அவரைப் பார்த்து "பாரினரா?" என்று ஜோக் அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

கட்ட வேண்டாததைக் கட்டுவது

பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்டாக இருந்தாலும் தொல்லியல் துறைச் சின்னங்களில் கட்டணமே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்கள் பிள்ளைக்கும் 600 கட்டுவதற்குக் காரணம், அவர்கள் ஊரில் சிறுவர் டிக்கெட் என்று பாதி விலை வாங்குவது பழக்கம். வளர்ந்த பிள்ளையாகத் தெரிந்தால் வயதுக்குச் சான்று வேண்டும். அவ்வளவுதான். ஆண்டுதோறும் ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாளில் இலவச அனுமதி அறிவிப்பதும் வழக்கம். கூட்டம் நெரிக்கும் என்பதால் வயதானவர்களோடு போக நான் சொல்ல மாட்டேன்.

பணமே கேட்காத இடங்களும் டெல்லியில் நிறைய. லோதி தோட்டம், ராஜ்காட், தாமரைக் கோயில், பங்களா சாகிப் குருத்வாரா. நாலு வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு ஒரு நாள் முழுக்கச் சுற்ற இவையே போதும். லோதி தோட்டத்தில் இருக்கும் சுல்தான்களின் கல்லறைகளைக் காசு கொடுத்துப் பார்க்கச் சொன்னாலும் பார்க்கலாம், அவ்வளவு அழகு. நம் ஊரிலும் இந்த வேறுபாடு உண்டே. மாமல்லபுரத்தில் 40, 600. தஞ்சைப் பெரிய கோயிலும் உலகப் பாரம்பரியச் சின்னம்தான், ஆனால் பூசை நடக்கும் கோயில். யாருக்கும் டிக்கெட் இல்லை.

"இந்தியாவில் மட்டும்தான் இப்படிக் கொள்ளை"

விருந்தாளி இதைச் சொல்வார். நாமும் சங்கடத்தில் தலையாட்டிவிடுவோம். உண்மை அப்படி இல்லை. கம்போடியர் இலவசமாகப் போகும் அங்கோர் வாட்டுக்கு மற்றவர்கள் ஒரு நாளுக்கு 37 டாலர் கொடுக்கிறார்கள். ஜோர்டானின் பெட்ராவில் உள்ளூர்க்காரருக்கு ஒரு தினார், வெளிநாட்டவருக்கு 50. பூட்டானில் இந்தியருக்கு ஒரு நாள் கட்டணம் 1,200 ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 100 டாலர். அங்கே நமக்குச் சலுகை என்பதால் நாம் குறை சொல்வதில்லை. இலங்கையின் சிகிரியாவில் நம்மை வெளிநாட்டவராகத்தான் நடத்துகிறார்கள், சார்க் என்று கொஞ்சம் குறைத்து.

அதற்காக இங்கே இருப்பது சரியென்று வாதாடவும் நான் வரவில்லை. இந்தியர் வரி கட்டுகிறார், அதனால் குறைவு என்ற வாதத்தில் ஓட்டை இருக்கிறது. துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி கட்டாத என்.ஆர்.ஐ.யும், ஓசிஐ வைத்திருக்கும் அமெரிக்கரும் அதே 40 ரூபாயில்தான் போகிறார்கள். எனக்குப் பிடித்த வாதம் வேறு. கூலி வேலை செய்கிறவரும் தன் பிள்ளைக்கு ஹுமாயூன் கல்லறையைக் காட்ட முடிய வேண்டும். அதற்கு உள்ளூர் விலை தாழ்ந்திருந்தே ஆக வேண்டும். வெளிநாட்டு விலை எவ்வளவு உயரலாம் என்பது தனிக் கேள்வி. 2016-க்கு முன் 10, 250 என்று இருந்தது, இருபத்தைந்து மடங்கு. 2016-இல் 30, 500. 2018-இல் 40, 600, பதினைந்து மடங்கு. ஏறியது ஏறினாலும் இடைவெளி சுருங்கித்தான் வந்திருக்கிறது. பதினைந்து இன்னும் அதிகம் என்பது என் எண்ணம். அதைக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம் கத்தி ஆகப் போவது ஒன்றுமில்லை. விலையை அரசாணை வைக்கிறது, அவர் கிழித்துக் கொடுக்கிறார்.

ஆக்ரா போகிறவர்களுக்கு

தாஜ்மகால் கணக்கு டெல்லியைவிடச் சிக்கல். இந்தியருக்கு 50, வெளிநாட்டவருக்கு 1,100, சார்க், பிம்ஸ்டெக் நாட்டவருக்கு 540. இந்த 540 பலரைக் குழப்புகிறது. தாஜ் டிக்கெட்டில் தொல்லியல் துறைக்கு ஒரு பங்கு, ஆக்ரா வளர்ச்சி ஆணையத்துக்கு ஒரு பங்கு. இந்தியருக்கு 40-உம் 10-உம். வெளிநாட்டவருக்கு 600-உம் 500-உம். சார்க் நாட்டவருக்குத் தொல்லியல் துறை 40 என்று சலுகை தருகிறது, ஆணையம் 500-ஐ விடுவதில்லை. அதனால் யாழ்ப்பாணத்துத் தம்பி குதுப்மினாரில் 40 கொடுத்த நினைப்பிலேயே இங்கே வந்து நின்றால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே கல்லறை மண்டபத்துக்கு ஏற 200 ரூபாய் தனி. அதில் மட்டும் எல்லா நாட்டாரும் சமம். வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும், நிஜாமுதீனிலிருந்து போகும் கதிமான் ரயிலும் அன்று ஓடாது. செங்கோட்டைக்கும் தேசிய மியூசியத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை.

வாசலுக்கு வெளியே நடக்கும் இரட்டை விலைக்கு எந்த அரசாணையும் கிடையாது. க்யூவில் நிற்காமல் உள்ளே விடுகிறேன் என்று வருபவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள். கைடு வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் கேளுங்கள், தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள். ஆட்டோவில் பேரத்தை வீட்டில் நன்றாக ஹிந்தி பேசுகிறவரிடம் விட்டுவிட்டு, சித்தப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அங்கே அவர் வாயைத் திறக்காமல் இருப்பதில் எந்தத் தப்பும் இல்லை.